தனி மை: கோப்பிலிருந்து தகடு வரை

ஆஃப்செட் அச்சு இயந்திரத்திற்கு வெளிர்நிறம் என்ற ஒன்று தெரியாது. அதன் தகட்டில் ஓர் இடம் மையை ஏற்கும், அல்லது ஏற்காது. ஏற்ற இடத்திலிருந்து தாளுக்குச் சுமார் ஒரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனுக்கு மை இறங்கும், ஏற்காத இடத்தில் தாள் வெறுமையாக நிற்கும். இரண்டுக்கும் நடுவே அரை மை, கால் மை என்று எதுவும் கிடையாது. இளஞ்சிவப்பு வேண்டுமென்றால் சிவப்பு மையைச் சிறு சிறு புள்ளிகளாகச் சிதறவிட்டு, இடையிடையே தாளின் வெண்மையைத் தெரியவிட்டு, இரண்டையும் கலந்து பார்த்துக்கொள்ளும் வேலையைக் கண்ணிடம் ஒப்படைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஹாஃப்டோன் எனப்படும் இந்தப் புள்ளி முறைக்கு உட்பட்டு, கணினித் திரையில் உருவாகும் வடிவமைப்பு ஒவ்வொன்றும் மை ஒன்றுக்கு ஒரு தகடு என்ற கணக்கில் பிரிக்கப்பட வேண்டியிருப்பதால், அச்சுக்கு அனுப்பப்படும் கோப்பைப் படம் என்று கருதுவதைவிடத் தகடுகளுக்கான உத்தரவு என்று கருதுவதே சரி. கோப்புத் தயாரிப்பில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டை மறப்பதால் வருபவை.

வண்ணப் படங்களுக்கு அச்சகங்கள் பொதுவாகச் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளைப் பயன்படுத்துகின்றன. வடிவமைப்பாளர்கள் சிஎம்ஒய்கே என்றும் அச்சகத்தார் மல்டி கலர் என்றும் சொல்வது இதைத்தான். சில மைகளைக் கொண்டே எல்லா நிறங்களையும் வரவழைத்துவிடலாம் என்ற எண்ணம் ஆஃப்செட்டைவிட மிகப் பழையது. ஃபிராங்க்ஃபர்ட்டில் 1667இல் பிறந்த யாக்கோப் கிறிஸ்டோஃப் லெ புளோன் என்பவர், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நீலம், மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனிச் செப்புத் தகடுகளைத் தயாரித்து, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி, ஓவியங்களைப் போன்ற வண்ணப் படங்களை எடுத்தார். இதன் கோட்பாடு எளிது. வெண்ணிற ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பங்குகளாகக் கொண்டால், சயான் மை சிவப்புப் பங்கை மட்டும், மெஜந்தா பச்சைப் பங்கை மட்டும், மஞ்சள் நீலப் பங்கை மட்டும் விழுங்கிக்கொண்டு, மற்றவற்றைத் தாளிலிருந்து அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும்.

நடைமுறையில் எந்த நிறமியும் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. இன்றைய சயான் மைக்கு ஆதாரமான தாலோசயனின் நீலம், 1928இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் சாயத் தொழிற்சாலையில் வேறொரு வேதிப்பொருளைத் தயாரிக்கும்போது எதிர்பாராமல் தென்பட்டு, 1935இல் விற்பனைக்கு வந்தது; அது சிவப்பை நன்றாகவே விழுங்குகிறது, ஆனால் பச்சையிலும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. மெஜந்தாவோ பச்சையோடு நிறுத்திக்கொள்ளாமல் நீலத்திலும் கணிசமாகக் கை வைக்கிறது. ஆகவே சயானும் மெஜந்தாவும் சேர்ந்து தரும் ஊதா மங்கிப்போகிறது. மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்து தரும் ஆரஞ்சு காவி வேட்டியின் நிறத்தைத் தொட்டாலும் கனகாம்பரப் பூவின் நிறத்தைத் தொடுவதில்லை. நான்கு மைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது தாளில் உண்மையில் தோன்றக்கூடிய அடிப்படைப் பரப்புகள் வெறும் தாள், ஒற்றை மைகள் நான்கு, இரட்டைகள் ஆறு, மும்மைகள் நான்கு, எல்லாம் சேர்ந்த ஒன்று என மொத்தம் 16தான் என்பதையும், அச்சில் காணும் நிறம் ஒவ்வொன்றும் இந்தப் பதினாறின் பரப்பளவு விகிதத்தால் அமையும் சராசரியே என்பதையும், 1937இல் ஹன்ஸ் நோய்கெபவர் வகுத்த முறையில் அமைந்த சமன்பாடுகள் காட்டுகின்றன. அந்தச் சராசரியின் எல்லைக்கு வெளியே நிற்கும் நிறத்தை, புள்ளிகளை எப்படி அடுக்கினாலும் நான்கு மைகளால் எட்ட முடியாது.

எட்டுவதற்கான நேர்வழி, வேண்டிய நிறத்திலேயே மையைக் கலந்து, அதற்கென ஒரு தகட்டையும் இயந்திரத்தில் ஓர் அலகையும் ஒதுக்குவது. ஸ்பாட் கலர் என்றும் ஸ்பெஷல் கலர் என்றும் அச்சகங்களில் வழங்கும் தனி மை இதுவே. இதற்கு ஒரு பொது ஒழுங்கை ஏற்படுத்தித் தந்தது, அமெரிக்காவின் பான்டோன் நிறுவனத்தில் லாரன்ஸ் ஹெர்பர்ட் 1963இல் வெளியிட்ட நிறப் பட்டியல். குறிப்பிட்ட சில அடிப்படை மைகளை எடை விகிதப்படி கலந்தால் கிடைக்கும் நிறங்களுக்கு எண் கொடுத்து, ஒவ்வொன்றின் அச்சு மாதிரியையும் கலவை விகிதத்தோடு விசிறி போன்ற அட்டைக் கட்டில் தந்ததால், நியூயார்க்கில் ஒருவர் சொல்லும் எண்ணுக்குச் சென்னையில் இன்னொருவர் தராசில் நிறுத்து மையைக் கலந்துவிட முடிந்தது. நகை நிறுவனமான டிஃபனியின் முட்டை நீலத்திற்கு, அந்நிறுவனம் தொடங்கப்பட்ட ஆண்டையே எண்ணாகக் கொண்டு 1837 நீலம் என்று பெயர். ஸ்காட்லாந்துக் கொடியின் நீலம் எதுவென்ற நெடுநாள் குழப்பத்திற்கு, 2003இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றக் குழு ஒன்று பான்டோன் 300 என்று பரிந்துரைத்து முற்றுப்புள்ளி வைக்க முயன்றது. கேட்பரி நிறுவனம் தன் சாக்லேட் உறையின் ஊதாவை 2685 சி என்ற எண்ணால் குறித்துப் பதிவு செய்ய முயன்றதும், நெஸ்லே எதிர்த்ததும், 2013இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் நெஸ்லேயின் பக்கம் தீர்ப்பளித்ததும் வணிகச் சின்னச் சட்டத்தில் அடிக்கடி பேசப்படும் வழக்காயின.

எனினும் தனி மையின் தேவையை நிறுவனங்களின் நிறப் பற்றோடு மட்டும் முடிச்சுப் போடுவது சரியன்று. அதன் அறிவியல் காரணம் நிலவரைபடங்களில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. அமெரிக்க நிலவியல் அளவைத் துறை 20ஆம் நூற்றாண்டில் அச்சிட்ட இடவிளக்க வரைபடங்களில் உயரக்கோடுகள் பழுப்பிலும், நீர்நிலைகள் நீலத்திலும், காடுகள் பச்சையிலும், கட்டடங்களும் ஊர்ப்பெயர்களும் கறுப்பிலும், முக்கியச் சாலைகள் சிவப்பிலும் தனித்தனி மைகளாக அமைந்தன. பழுப்பை நான்கு மைப் புள்ளிகளால் உண்டாக்க வேண்டுமானால், மயிரிழை போன்ற உயரக்கோடு ஒன்றை மூன்று அல்லது நான்கு தகடுகள் சேர்ந்து வரைய வேண்டும். அங்குலத்துக்கு 150 வரிசைகள் கொண்ட புள்ளி அடுக்கில் இரண்டு புள்ளிகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரமே 0.17 மில்லிமீட்டர் இருக்கும்போது, 0.1 மில்லிமீட்டர்க் கோடு அதற்குள் முழுமையாகப் பிழைக்க வாய்ப்பில்லை. தகடுகளில் ஒன்று சற்று விலகினால் கோடு மூன்று நிற இழைகளாகவும் பிரிந்துவிடும். கலந்த பழுப்பு மை ஒன்றே போதுமென்றால் புள்ளியும் இல்லை, விலகலும் இல்லை. அத்துறை பிற்காலத்தில், வான்வழிப் படங்களைப் பார்த்து மட்டும் சேர்க்கப்பட்டு நேரில் சரிபார்க்கப்படாத மாற்றங்களை ஊதா மையில் தனியாக அச்சிட்டது. தகவலின் நம்பகத்தன்மைக்கே ஒரு தகடு ஒதுக்கிய அந்த நேர்மை பாராட்டத் தக்கது. பொடி எழுத்துகளும் மெல்லிய கோடுகளும் உள்ள எந்த வேலைக்கும் இந்த நியாயம் பொருந்தும்.

தனி மை கோப்புக்குள் எப்படி வாழ்கிறது என்பதைப் பார்த்தால், அதில் நிறம் என்பது ஏறக்குறைய இல்லவே இல்லை என்பது விளங்கும். பிடிஎஃப் வகைக் கோப்பில் தனி மைக்கான பதிவு மூன்று பகுதிகளைக் கொண்டது: ஒரு பெயர், அந்த மை கைவசம் இல்லாத திரையிலோ அலுவலக அச்சுக்கருவியிலோ காட்டுவதற்கான மாற்று நிறவெளி, மையின் அளவை மாற்று நிறத்தின் அளவுகளாக மாற்றும் ஒரு கணக்கு. தகடு தயாரிக்கும் மென்பொருள், அந்தப் பெயரில் ஒரு தகடு வேண்டும் என்று அறிவிக்கப்பட்டிருந்தால், மற்ற இரண்டு பகுதிகளையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. திரையில் தெரியும் ஆரஞ்சை வடிவமைப்பாளர் எவ்வளவு நுட்பமாகத் திருத்தினாலும் தாளில் அதனால் எந்த மாற்றமும் வராது. பெயரில் ஓர் எழுத்து மாறினாலோ மாற்றம் வரும்.

அந்த ஓர் எழுத்து செய்யும் கேட்டுக்கு எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு பழைய மென்பொருளில் வரைந்த சின்னத்தில் சிவப்பின் பெயர் ‘பான்டோன் 485 சிவி’ என்று இருக்க, புதிய பக்கவடிவமைப்பு மென்பொருளில் தலைப்புக்கு அதே சிவப்பை எடுக்கும்போது ‘பான்டோன் 485 சி’ என்று வருகிறது. மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒரே சிவப்பு. மென்பொருளுக்கு இரண்டு பெயர்கள், ஆகவே இரண்டு மைகள், ஆகவே இரண்டு தகடுகள். கறுப்பும் இந்தச் சிவப்புமாக இரு வண்ண வேலை என்று விலை பேசிய பணி மூன்று தகடுகளோடு வெளிவரும். கவனித்து ஒன்றாக்காவிட்டால் சின்னம் ஒரு தகட்டிலும் தலைப்பு மற்றொன்றிலும் பிரிந்து நிற்கும். தகடுகளைத் தனித்தனியாகத் திரையில் காட்டும் வசதி பெரும்பாலான தொழில்முறை மென்பொருள்களில் உண்டு. அதைத் திறந்து தகடுகளை எண்ணிப் பார்ப்பதைவிடப் பயனுள்ள சோதனை கோப்புத் தயாரிப்பில் வேறில்லை. எல்லாத் தகடுகளிலும் ஒருசேர விழுவதற்கென ‘அனைத்தும்’ என்ற பொருளில் ஒரு தனிப்பெயரும் பிடிஎஃப் இலக்கணத்தில் ஒதுக்கப்பட்டுள்ளது. அது வெட்டுக்குறிக்கும், தகடுகளை ஒன்றோடொன்று பொருத்த உதவும் ரிஜிஸ்டர் குறிக்கும் உரியது. கறுப்பைப் போலவே திரையில் தெரிவதால் அதை எழுத்துகளுக்கு இட்டுவிடுவோர் உண்டு, அப்போது ஒவ்வோர் எழுத்தின் மீதும் இருக்கிற மை அத்தனையும் ஏறி, தாள் உலராமல் அடுத்த தாளில் ஒட்டும்.

எண்ணின் பின்னால் வரும் ‘சி’, ‘யு’ என்ற எழுத்துகள் மையைக் குறிப்பவை அல்ல, தாளைக் குறிப்பவை. மையின் கலவை ஒன்றே. ஆர்ட் பேப்பர் போன்ற பூச்சுத் தாளில் அது எப்படித் தெரியும் என்பதற்குச் சி, மேப்லித்தோ போன்ற பூச்சில்லாத தாளில் எப்படித் தெரியும் என்பதற்கு யு. பூச்சுத் தாளில் மை மேற்பரப்பிலேயே சமதளமாக நின்று ஒளிர்கிறது. பூச்சில்லாத தாளில் இழைகளுக்குள் இறங்கி, மேற்பரப்பு கரடாகி, எல்லாத் திசையிலும் சிதறும் வெள்ளொளி நிறத்தோடு கலந்து அதை வெளிறச் செய்கிறது. முகவரி அட்டையிலும் கடிதத்தாளிலும் ஒரே நிறம் வேண்டும் என்று கேட்பவருக்கு ஒரே எண்ணைத் தந்தால் இரண்டு நிறங்கள் கிடைக்கும். ஒரே நிறம் வேண்டுமானால் சில வேளை இரண்டு எண்களைத் தேட வேண்டும்.

அடுத்து, ஒரு மையின்மேல் இன்னொரு மை வரும் இடத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதையும் கோப்பே சொல்லியாக வேண்டும். மேலே வரும் உருவத்தின் வடிவத்தைக் கீழேயுள்ள தகட்டில் வெட்டி எடுத்துவிடுவது நாக்அவுட். வெட்டாமல் மேலேயே அடிப்பது ஓவர்பிரிண்ட். கறுப்புப் பொடி எழுத்து மஞ்சள் பின்னணியில் வரும்போது ஓவர்பிரிண்ட்டே நல்லது, ஏனெனில் மஞ்சளில் எழுத்து வடிவப் பள்ளங்களை வெட்டிவிட்டு அவற்றுக்குள் கறுப்பைத் துல்லியமாகப் பொருத்துவது ஓடும் இயந்திரத்தில் கடினம். ஆஃப்செட் முறையில் தகட்டின் வெற்றிடங்களை ஈரமாக வைக்க நீர் தேவைப்படுவதால், தாள் அலகுக்கு அலகு சிறிது ஈரம் குடித்து விரிகிறது. கடைசி மை விழும்போது தாள் முதல் மையின்போது இருந்த அளவில் இருப்பதில்லை. நான்கு மைப் படங்களில் அடுத்தடுத்த நிறங்களுக்கு இடையே பொதுவான மை ஏதாவது இருப்பதால் இந்த விலகல் மறைந்துபோகும். இரண்டு தனி மைகள் அருகருகே வரும்போது பொதுவானது எதுவும் இல்லாததால் நடுவே வெள்ளைக் கீற்று பல்லைக் காட்டும். அதைத் தவிர்க்க, வெளிர்நிற மையை அடர்நிற மைக்குள் சுமார் 0.1 மில்லிமீட்டர் அளவுக்குப் படரவிடுவதற்கு டிராப்பிங் என்று பெயர். பெரிய அச்சகங்களில் அதைத் தகடு எடுக்கும் கட்டத்தில் மென்பொருளே செய்துவிடுவதால், வடிவமைப்பாளர் தாமும் செய்து இரட்டிப்பாக்காமல் அச்சகத்திடம் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஓவர்பிரிண்ட் ஆணை வெள்ளை எழுத்தில் தங்கிவிடுவது இந்த வகைப் பிழைகளில் மிகக் கொடியது. முதலில் கறுப்பாக இருந்த எழுத்துக்கு ஓவர்பிரிண்ட் கொடுத்துவிட்டுப் பிறகு நிறத்தை மட்டும் வெள்ளையாக மாற்றினால், வெள்ளை என்பது எந்த மையும் வேண்டாம் என்ற பொருளுடையதாகவும், ஓவர்பிரிண்ட் என்பது கீழேயுள்ளதை வெட்டாதே என்ற பொருளுடையதாகவும் இருப்பதால், இரண்டும் சேர்ந்து அந்த எழுத்து அச்சில் காணாமல்போகிறது. சாதாரணத் திரைக்காட்சியில் அது கடைசிவரை பளிச்சென்று தெரிந்துகொண்டிருக்கும்.

வழக்கமான மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வெட்டும் கத்தி சற்று நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளை தெரியாதிருக்க, படத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நீட்டி வைக்க வேண்டும், இதுவே பிளீட். புகைப்படங்களுக்கு அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள் என்ற விதி, 150 வரிசை ஹாஃப்டோனுக்கு இருமடங்கு தகவல் போதும் என்ற கணக்கிலிருந்து வந்ததே தவிர, அதற்குத் தனி மகிமை எதுவுமில்லை. ஓரிடத்தில் விழும் நான்கு மைகளின் விழுக்காட்டுக் கூட்டுத்தொகை நல்ல ஆர்ட் பேப்பரில் 300 முதல் 330 வரையிலும், செய்தித்தாளில் 240ஐ ஒட்டியும் நிற்க வேண்டும். தமிழ்க் கோப்புகளில் இன்னொரு பழைய தொல்லையும் உண்டு: யூனிகோடுக்கு முற்பட்ட எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் எழுத்துகளை வைத்திருந்ததால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திருமண அழைப்பிதழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். எழுத்துகளைக் கோட்டுருவங்களாக மாற்றி அனுப்பும் பழக்கம் இதிலிருந்து வலுப்பெற்றது. எழுத்துருவைப் பிடிஎஃப் கோப்புக்குள்ளேயே பொதித்துவிட்டால் அதற்கும் அவசியமில்லை.

தனி மையை முழு அடர்த்தியில் அல்லாமல் 50 விழுக்காடு, 30 விழுக்காடு என்று புள்ளிகளாக்கிப் பயன்படுத்தும்போது மீண்டும் இயற்பியல் குறுக்கிடுகிறது. தகட்டில் 50 விழுக்காடாக இருக்கும் புள்ளிப் பரப்பு தாளில் ஏறக்குறைய 65 விழுக்காடு போலத் தெரியும். மை அழுந்திப் பரவுவது இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணத்தை 1951இல் யூல், நீல்சன் என்ற இருவர் விளக்கினர். புள்ளிகளுக்கு இடையே தாளுக்குள் புகும் ஒளி, உள்ளே சிதறி, ஒரு புள்ளியின் அடியில் வெளிவர முயன்று விழுங்கப்படுவதால், ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சுற்றி ஒரு நிழலை வைத்திருப்பது போல ஆகிறது. நான்கு மைகளுக்கு இந்தப் பெருக்கம் எவ்வளவு இருக்கலாம் என்பதை ஐஎஸ்ஓ 12647 தரநிலை வரையறுத்துள்ளது. தனி மைகளின் இடைநிலை அடர்த்தியை அளப்பதற்கென்று ஒரு பொது முறை 2017இல்தான் தரநிலையாக வந்தது. போதாததற்கு, தனி மைப் புள்ளிகளுக்குச் சாய்கோணமும் தர வேண்டும். சயான் 15, கறுப்பு 45, மெஜந்தா 75 பாகை என மூன்று அடர்நிறங்கள் முப்பது முப்பது பாகை இடைவெளியில் நின்று, கண்ணுக்கு எளிதில் தெரியாத மஞ்சள் 0 பாகையில் ஒதுங்கிய பிறகு, ஐந்தாவதற்கு இடமில்லை. கோணங்கள் நெருங்கினால் மொய்ரே எனப்படும் அலைக்கோலம் படத்தின் மேல் மிதக்கும். அதே இடத்தில் சேராத மற்றொரு மையின் கோணத்தைத் தனி மைக்குக் கடன் கொடுப்பதே வழக்கம். வடிவமைப்பாளர் தனி மைப் புள்ளிகளை நான்கு மைப் படத்தோடு கலக்காமல் விட்டால் அந்தக் கடனும் தேவைப்படாது.

எல்லாத் தனி மைகளும் மைகள்கூட அல்ல என்பது சிவகாசியில் அச்சாகும் பொருள்களைப் பார்த்தால் தெரியும். தினசரி நாட்காட்டியின் அட்டையில் சாமி படம் நான்கு மையில் ஆயிரக்கணக்கில் அச்சாகி இருப்பு வைக்கப்பட, ஜவுளிக்கடை, நகைக்கடை எனக் கடை ஒவ்வொன்றின் பெயரும் முகவரியும் ஒற்றை மையில் பிறகு ஏறுகின்றன. கிரீடத்திலும் ஆபரணத்திலும் மின்னும் தங்கம் வெப்பத்தால் ஒட்டப்படும் ஃபாயில். மேடாக எழும் உருவம் எம்பாசிங். பளபளப்பு மட்டும் தருவது ஸ்பாட் யுவி. அட்டையின் வளைந்த வெளிக்கோடு டை கட்டிங். இவை ஒவ்வொன்றுக்கும் கோப்பில் ஒரு தனி மையின் பெயரைக் கொடுத்து, 100 விழுக்காட்டில், கட்டாயம் ஓவர்பிரிண்ட்டாக வைக்க வேண்டும். இல்லையென்றால் டை கட்டிங் கோடு சாமி படத்தில் தன் தடத்தை வெள்ளையாக வெட்டிவிடும். தங்க மையிலேயே அச்சிடுவதானால், அதில் ஒளிர்வது செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைச் செதில்கள் என்பதையும், அவை அடியிலுள்ள மையை மறைக்கும் என்பதையும், எல்லா மைகளையும் ஊடுருவும் கண்ணாடியாகவே எண்ணிக் காட்டும் திரைக்கு இது தெரியாது என்பதையும் நினைவில் வைத்து, எந்த மை முதலில் ஓட வேண்டும் என்பதை எழுத்தில் குறித்து அனுப்ப வேண்டும்.

பெயர் மட்டுமே இருந்து நிறம் இல்லாத ஏற்பாட்டின் பலவீனம் 2022ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்கும் வடிவமைப்பாளர்களுக்குத் தெரியவந்தது. அடோபி மென்பொருள்களிலிருந்து பான்டோன் பட்டியல்கள் பல நீக்கப்பட்டபோது, பழைய கோப்புகள் சிலவற்றில் தனி மை இருந்த இடங்கள் திரையில் கறுப்பாகத் திறந்தன. பெயரோடு, அந்த மை ஒவ்வோர் அலைநீளத்திலும் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்ற அளவீட்டையும் கோப்பிலேயே சேர்த்துவிடுவதற்கு ஐஎஸ்ஓ 17972-4 என்ற தரநிலை வழி செய்துள்ளது. நிறத்தை ஒரு நிறுவனத்தின் பட்டியலிலிருந்து விடுவித்து இயற்பியலிடம் ஒப்படைக்கும் இந்த முறையே நியாயமானது, ஆனால் சிறு அச்சகங்களை அது இன்னும் எட்டவில்லை. பான்டோன் விசிறியும் தாளில் அச்சானதுதான். தாள் மஞ்சளிக்கும், மை வெளிறும் என்பதால் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்லும் நிறுவனத்தின் அறிவுரையில் வியாபாரம் பாதி இருந்தாலும் உண்மையும் பாதி இருக்கிறது. இரண்டு மைகள் ஒரு விளக்கின் கீழ் ஒன்றாகவும் மற்றொரு விளக்கின் கீழ் வேறாகவும் தெரியக்கூடும் என்பதால், அச்சிடப் போகும் அதே தாளில் அதே மையை மெல்லிய படலமாக இழுத்து உலரவிட்ட மாதிரித் துண்டை, தரப்படுத்தப்பட்ட 5000 கெல்வின் ஒளியில் பார்த்து, வாடிக்கையாளர் அதிலேயே கையொப்பமிட்டுத் தருவதுதான் தனி மை வேலையில் செல்லுபடியாகும் ஒப்புதல். திரையைப் பார்த்துச் சரியென்று சொன்னவருக்கு, பிறகு நிறத்தைப் பற்றி அச்சகத்திடம் வாதிட இடமில்லை.